அத்தை வீட்டு மரத்துக்கு நான் போட்ட கையெழுத்து

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள அணிலுக்கு,

அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேசுவதெல்லாம் சாப்பிட்டாயா, சளி போய்விட்டதா, துணி காய்ந்ததா என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், நீ 'என்னம்மா, ஒரு மாதிரி பேசுற' என்பாய், நான் ஒன்றுமில்லை என்பேன், இரண்டு பேரும் அன்று முழுவதும் அந்த ஒன்றுமில்லையைச் சுமந்துகொண்டு திரிவோம். காகிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால் எழுதுகிறேன். இன்று லீவு போட்டிருக்கிறேன். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் என் பங்குத் தண்ணீர்ப் புட்டிகளைப் பக்கத்து மேசைப் பெண் பார்த்துக்கொள்கிறாள். காலையிலிருந்து காற்று ஒரு நிலையில் இல்லை, ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருமுனையைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன், அதனால் இது கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்.

சில்லறைச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் படிக்கு ஒரு வசனம் சொல்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவருடைய நாக்குத்தான் கட்டுக்குள் இல்லை. துணி தேய்க்கிற மேசையைக் கொண்டுபோய் உன் அறையில் போட்டிருக்கிறார், கோபித்துக்கொள்ளாதே, நீ வருகிற அன்று வெளியே எடுத்துவிடலாம். நூலகத்து வாசலில் புதிதாக வைத்த கன்று பட்டுப்போய்விட்டது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு வீட்டுக்காரர்களும் மற்றவர் எங்கே தண்ணீர் ஊற்றப்போகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வாளி வாளியாக ஊற்றி வேரை அழுக வைத்துவிட்டார்கள். இப்போது 'உன் வாளிதான் பெருசு' என்று சண்டை. அங்கே நின்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட எடுத்தபோது, காலையில்தான் பேசினோம் என்பது ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சொல்ல வந்தது அத்தை வீட்டு வாசலில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி. நீ இங்கே இருந்தவரை, தெருமரம் என்றால் வீட்டுக்காரர்கள் செய்கிற பாதிதான் உனக்குத் தெரியும். எந்த மரம் எந்த வாசலுக்குப் பக்கமோ அந்த வீடு அதற்கு 'மரத்து வீடு', கன்றாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றுவது, சருகு கூட்டுவது, பூச்சி விழுந்தால் நகராட்சிக்குச் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு, அதற்குப் பதிலாக அந்த வீட்டின் சம்மதம் இல்லாமல் மரத்தில் கை வைக்க முடியாது. நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அத்தையோடு சருகு கூட்டியிருக்கிறாய், கூட்டியதைவிட அதில் புரண்டதுதான் அதிகம். இன்னொரு பாதி மரக்குழு. நீ கிளம்பிப் போனதும் சாயங்காலங்களில் எனக்குக் கை பரபரவென்று இருந்தது, பழக்க தோஷத்தில் மூன்று பேருக்குச் சமைத்துவிட்டு மறுநாள் நானே சாப்பிட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரி வந்து நம் பகுதிக்குக் குழுவில் ஆள் வேண்டும் என்றாள், யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். காற்றுக்காலத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு இரண்டு பேராகப் போய் ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்ப்போம். தச்சர்கள் உளியின் தலையில் அடிக்கிற மரச்சுத்தியல் இருக்கிறதே, கொட்டாப்புளி, அதுதான் எங்களுக்கு ஸ்டெதாஸ்கோப். அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே போக வேண்டும், நல்ல மரம் கெட்டியாகப் பதில் சொல்லும், உள்ளே பொக்கை இருந்தால் காலிப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி சத்தம் மாறும், அங்கே சாக்பீஸால் குறி போட்டு நகராட்சிக்குச் சொல்லிவிடுவோம்.

இதில் ஒரு விதி இருக்கிறது. தட்டப் போகும்போது மரத்து வீட்டுக்காரர்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. எப்போதோ ஒரு வீட்டில் குழுவை உட்காரவைத்து உபசாரம் செய்து, 'எங்க புள்ள மாதிரிங்க இது' என்று கண்ணைக் கசக்கி, கெட்டுப்போன மரத்தை நல்ல மரம் என்று சொல்லவைத்துவிட்டார்களாம், அடுத்த மழையில் அது அவர்கள் மதில் மேலேயே சாய்ந்ததாம். அதிலிருந்து இந்த மௌன விரதம். நாங்கள் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள், நாங்களும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு தட்டிவிட்டுப் போய்விடுவோம். சொந்த நாத்தனார் வாசலில் அப்படி அந்நியமாக நிற்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்ப் புட்டி யார் வீட்டிலிருந்து வந்தது என்று பார்க்காமல் சோதிப்போமே, அது மாதிரி நியாயமான வேலை என்று நினைத்தேன்.

அத்தை வீட்டு மரம்தான் ஊரிலேயே கெட்டியாகப் பதில் சொல்லும் மரம். 'பேருதான் தூங்குமூஞ்சி, சத்தத்தப் பாரு, பயில்வான்' என்பாள் மருந்துக்கடைக்காரி. அந்தப் பயில்வான் போன மாதம் ஒரு விடுமுறை நாள் மத்தியானம், இலைகூட அசையாத நேரத்தில், பஸ் நிறுத்தத்துப் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளையைத் தானாகவே கீழே போட்டது. அதற்கு அடியில் சைக்கிள் கடைக்காரர் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவாரே, அவர் அப்போது பார்த்து வாஷர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து தன்னுடைய ஸ்டூல் அப்பளமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, 'இத்தன வருஷம் ஓசி நிழல்ல உக்காந்தேன்ல, கணக்குத் தீர்த்துருச்சு' என்று சிரித்தார். சிரித்தவர் அன்றைக்கே கடையை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்விட்டார், இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. பள்ளிக்கூட நாளாக இருந்து, கொஞ்சம் முன்னே பின்னே ஆகியிருந்தால், அந்த இடத்தில் பிள்ளைகள் வேனுக்கு நின்றுகொண்டிருப்பார்கள். இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கிளை பிய்ந்த இடத்தில் உள்ளே மரம் மரமாகவே இல்லை, ஊறின ரொட்டி மாதிரி விரலுக்கு உதிர்ந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொட்டாப்புளியை எடுத்து வந்து அடியில் தட்டினால் அதே கெட்டிச் சத்தம். குழுத் தலைவர், தபால் அலுவலகத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, 'கோளாறு மேலதான், அடி கல்லு மாதிரி இருக்கு' என்று தீர்ப்புச் சொன்னார். கேட்டுக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்த உன் அத்தை, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்வது போல, 'கல்லு மாதிரி என்ன, கல்லுதான். உள்ள பூரா சிமெண்ட்டுல்ல இருக்கு' என்றார். மருந்துக்கடைக்காரி அப்படியே மதிலோரமாக உட்கார்ந்துவிட்டாள். அத்தை வீடு கட்டிய சமயத்தில் அடிமரத்தில் பெரிய பொந்து இருந்ததாம். மாமா, நீ பிறப்பதற்கு முன்னாலேயே தவறிவிட்டவர், வீட்டு வேலைக்குக் கலந்த கலவையில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, பல் டாக்டர் சொத்தையை அடைப்பது போலப் பொந்தைச் சுரண்டித் துடைத்து, செங்கல் துண்டும் சிமெண்ட்டுமாக நெஞ்சு உயரத்துக்கு அடைத்தாராம். அப்போது அதுதான் மரத்துக்குச் செய்கிற நல்லது என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். மரமும் சமர்த்தாகப் பட்டையை இழுத்து மேலே மூடிக்கொண்டது. உள்ளே ஈரம் தேங்கித் தேங்கி, அழுகல் சிமெண்ட்டைச் சுற்றிக்கொண்டு மேலேயும் கீழேயும் போயிருக்கிறது, எங்களுக்கு முன்னால் குழுவில் இருந்தவர்களும் நாங்களும் வருஷா வருஷம் வந்து மாமாவின் சிமெண்ட்டைத் தட்டிக் கேட்டு, மரம் நலம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறோம். 'ஏன் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல' என்று கேட்டேன். 'நல்லா இருக்கே கதை. கொட்டாப்புளியோட வந்தா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க. நான் பாட்டுக்கு ஜன்னலச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன். இந்தத் தட்டு தட்டுறீங்களே, தெரிஞ்சுதான் தட்டுறீங்கன்னு நெனச்சேன்' என்றார். ஒரு மரத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே ஆளிடம் பேசக் கூடாது என்பதை நியாயம் என்று நினைத்திருக்கிறோம் பார்.

நகராட்சியில் மரம் வெட்டுகிறவர்களின் மேஸ்திரி வந்தார். மண்ணோடு ஒட்டின இடத்தில் கடப்பாரையை வைத்து அழுத்தினார், அது சேற்றில் இறங்குவது போல இறங்கியது. கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்தால் போதாதா என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். 'ஏறுறதுக்கு எங்கிட்ட ஆள் இல்லம்மா. நானே ஏறலாம், ஆனா எங்க வீட்ல அவ கோவக்காரி, விழுந்தேன்னா கொன்னே போட்டுருவா' என்றார். கிரேன் வைத்து மேலிருந்து துண்டு துண்டாக எடுக்க வேண்டும், எடுப்பதானால் முழுவதும் எடுத்துவிட வேண்டும், காற்று பிடிப்பதற்குள் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது அத்தை வீட்டு மாடி அறைப் பக்கமும் சாய்ந்திருக்கிறது, அத்தை தூங்குவது அங்கேதான், ஆனால் அவரை அந்த அறையிலிருந்து கீழே வரவைப்பதற்கே அப்பாவுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அத்தை சம்மதம் தரவில்லை. கத்தி மறுத்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். நிதானமாகத்தான் சொன்னார், 'அணில் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க.' நீ வருஷக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய், காற்றுக்காலம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும் என்றேன். 'ஏன், முன்னாடி வரச் சொல்லு. அத்தை கேட்டான்னு சொல்லு, வருவா' என்றார். மாமா கை பட்ட மரம் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. உன் பேரைத்தான் சொன்னார். அது அவருடைய சாமர்த்தியமா, உண்மையிலேயே அவ்வளவுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீடு சம்மதிக்காவிட்டாலும், மரம் ஆபத்தானது என்று அந்தப் பகுதியின் குழு உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் நகராட்சிப் பொறியாளர் உத்தரவு கொடுக்கலாம். நம் பகுதிக்கு உறுப்பினர் நான்தான். கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்ததும் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'இது உங்க குடும்ப விஷயம் மாதிரி ஆயிருச்சு, பக்குவமா நீங்களே பேசி முடிங்க' என்றார். மருந்துக்கடைக்காரி, 'நானா இருந்தா அன்னிக்கே போட்டிருப்பேன்' என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'எனக்கு நாத்தனார் கிடையாது, அதான் வீரம் பேசுறேன்' என்று சேர்த்துக்கொண்டாள். உன் அத்தையும் நானும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை என்பதுதான் இதில் பெரிய கஷ்டம். சண்டை போட்டுப் பழகினவர்களுக்குச் சமாதானமாகிற வழியும் தெரிந்திருக்கும். நான் வேலைக்குப் போக வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்ன அன்று, உன்னை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, 'நீ போ, இவளுக்கு நானாச்சு' என்றவர் அவர். அப்படிப்பட்டவரின் வாசலில், அவர் வேண்டாம் என்பதற்கு மேலே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அதனால் போடாமல் நாளைக் கடத்தினேன். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். வேன் நிற்கிற இடத்தை எதிர்ப்பக்கம் மாற்றச் சொன்னோம், அங்கே வெயில், பிள்ளைகள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து மறுபடி நிழலுக்கே வந்துவிடும். ஆய்வுக்கூடத்துக்குப் போகிற வழியில் நான் நின்று விரட்டுவேன். எனக்குக் 'கயிறு ஆன்ட்டி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் தூரத்தில் வரும்போதே ஒரு பெண் 'கயிறு வருது, கயிறு வருது' என்று கூவுவாள், கூட்டம் சிரித்துக்கொண்டே வெளியே ஓடும், நான் பஸ் ஏறியதும் திரும்பி உள்ளே போயிருக்கும். வேலையில் உட்கார்ந்தால் புத்தி புட்டியில் இல்லை, ஒரே புட்டித் தண்ணீரை இரண்டு தடவை சோதித்துவிட்டு இரண்டுக்கும் வேறு வேறு முடிவு வந்து முழித்தேன். வீட்டில் அப்பா தட்டைக் கீழே வைத்தால்கூடத் தூக்கிவாரிப்போடும். அப்பா பாவம், அக்காவுக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, இங்கே வந்தால் 'அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு' என்பார், அங்கே போய் 'அவ சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு' என்பாராம். 'டேய், நீ பொழச்சுக்குவடா' என்று அத்தை சொன்னதை அவரே வந்து என்னிடம் சொன்னார்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். போன வாரம் உனக்கு வேறொரு கடிதம் எழுதினேன். அத்தை இப்படிச் சொல்கிறார், மரம் அபாயமாக நிற்கிறது, நீ வந்தால்தான் காரியம் நடக்கும், எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு உடனே புறப்பட்டு வா என்று பக்கம் நிறைய எழுதிவிட்டேன். எழுதும்போது அத்தைக்காகவும் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிற மாதிரிதான் இருந்தது. படித்துப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. நீ வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். புது வேலையில் கெட்ட பேர் வாங்கிக்கொண்டாவது வருவாய். வந்தால் உன்னை எந்தப் பஸ்ஸில் போய் அழைத்து வருவது, என்ன சமைப்பது, துணி தேய்க்கிற மேசையை எங்கே தூக்கிப் போடுவது என்பதெல்லாம் கடிதம் முடிவதற்குள் என் மனதில் தயாராகிவிட்டது. அத்தையைச் சொல்லிப் பயனில்லை. கயிறு கட்டின ஒரு மரத்தைக் காட்டி உன்னை இழுத்துவிடப் பார்த்ததில் எனக்கும் சரிபாதி பங்கு உண்டு, நான் நாளைக் கடத்தியதற்கும் அதுதான் காரணமோ என்னவோ. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். கிழித்த பிறகும் கையெழுத்துப் போடத் துணிவு வரவில்லை, அது வேறு விஷயம்.

நேற்றுக் காலை காற்று முதல் தடவையாகப் பலமாக வந்தது. நான் கயிற்றுப் பக்கம் போனபோது அத்தை வீட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கயிற்றைத் தாண்டி, நேராக அடிமரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கையில் அன்றைய செய்தித்தாள். 'அண்ணி, என்ன இது, எந்திரிச்சு வாங்க' என்றேன். 'என் வாசல்ல நான் உக்கார்றேன். விழுந்தா என் மேல விழட்டும், உன் மேல கேசு வராது, போ' என்று தாளைப் பிரித்தார். காற்றில் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது, அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நாங்கள் இப்படி நிற்கும்போதே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் போகச் சொன்னேன். 'அந்த ஆன்ட்டி மட்டும் உக்காந்திருக்காங்க?' என்றாள் என்னைக் கயிறு என்று கூவுகிற பெண், அவள் கேட்டதும் நியாயம்தான், கேட்டுக்கொண்டே குனிந்து உள்ளே போனாள், அவள் பின்னால் மொத்தக் கூட்டமும் உள்ளே போய், அத்தையைச் சுற்றிப் பைகளைப் போட்டுக்கொண்டு நின்றுகொண்டது. மேலே எங்கோ கதவு கிரீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். நான் கத்துவதற்கு முன்னால் அத்தை எழுந்துவிட்டார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. 'போங்கடீ, போங்கடா, நிக்காதீங்க, ஓடு, ஓடுங்கறேன்ல' என்று செய்தித்தாளால் முதுகில் முதுகில் அடித்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார், கடைசிப் பிள்ளை தெருவைத் தாண்டின பிறகுதான் கயிற்றைத் தாண்டி வந்தார். நாற்காலி உள்ளேயே கிடந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நான் நின்றேன், வெட்டிக்கோ என்று ஒரு சொல், தலையசைப்பு, ஏதாவது. அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் வாயால் அதைச் சொல்ல முடியாமல் என்னிடம் விட்டுவிட்டுப் போனார் என்று எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதி என்பதும் தெரியும்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் நேரே நகராட்சிக்குப் போனேன். பொறியாளர் இன்னும் வந்திருக்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்துபோய்விடுவேனோ என்று பயந்து நின்றுகொண்டே இருந்தேன். அவர் வந்ததும் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை கிரேன் வருகிறது. சாயங்காலம் அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன், அப்பா தான் சொல்வதாகக் கெஞ்சினார், வேண்டாம் என்றேன். அத்தை பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். 'அண்ணி, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். வியாழக்கிழம எடுக்கறாங்க' என்றேன். கையிலிருந்த துணியைப் பிழிந்தார், உதறினார், கொடியில் போட்டுச் சுருக்கம் நீவினார். 'போட்டுட்டியா. சரி. போ' என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்று, பிறகு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அத்தை சொன்னதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, 'நீ செஞ்சது சரி. ஆனா நான் எங்கக்கா பக்கம்தான், அவளுக்கு யாரு இருக்கா' என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, ஏன் என்று கேட்காதே.

வியாழக்கிழமை காலை அந்த வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. நம் வீட்டுக்கு வரச் சொல்லி அப்பா கேட்டதற்கு, மருந்துக்கடைக்காரி வீட்டுக்குப் போகிறேன் என்றாராம். மரத்தை இன்றைக்கே வெட்டு என்று கூட்டத்தில் குதித்தவள் அவள், அவள் வீட்டுக்குப் போவாராம், நம் வீட்டுக்கு வரமாட்டாராம். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவள் வீட்டில் அத்தை கோபித்துக்கொள்ள வேண்டிய ஆள் இல்லை, நிம்மதியாக உட்காரலாம் என்றும் தோன்றியது. தினமும் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து டீ குடிப்பவர் நேற்று வரவில்லை. எழுதிக்கொண்டே டீ நேரமாகிவிட்டது, இப்போது போய் மூன்று டம்ளரை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன். வியாழக்கிழமை நான் அங்கே நிற்பேன், தூரப் போய்விடமாட்டேன். வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் பார்க்கவும் வேண்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது மரம் இருக்காது. போனில் சொன்னால் நீ தடுக்கலாம், அழலாம், புறப்பட்டு வரலாம், அதனால்தான் தபாலில் சொல்கிறேன், அதற்காக என்மேல் கோபப்பட உனக்கு உரிமை உண்டு. நாளைக்கும் நாளை மறுநாளும் நான் போன் செய்யாவிட்டால் பயப்படாதே, உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அத்தை உன்னை உடனே கூப்பிடமாட்டார். அவருடைய கோபம் முதலில் சத்தம் போடாது. மாடி ஜன்னல் வழியாக நேராக எதிர்வீட்டுச் சுவர் தெரியத் தொடங்கி, அது பழகாமல் இருக்கும் ஒரு நாளில் உனக்குப் போன் வரும். உங்கம்மா இப்படிப் பண்ணிட்டா என்றுதான் ஆரம்பிப்பார். அப்போது நீ என் பக்கம் பேசாதே. அம்மாவுக்கு வேறு வழியில்லை அத்தை, பிள்ளைகள் நிற்கிற இடம் அத்தை என்றெல்லாம் அவருக்கு விளக்காதே, அவருக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை. அவர் என்னைத் திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும். ஆமாம் அத்தை, ஆமாம் அத்தை என்று கேட்டுக்கொண்டிரு. இந்த வீட்டில் ஒருவராவது என்னோடு சேராமல் முழுக்க அவர் பக்கம் இருக்க வேண்டும், அப்பா அதைச் சொல்வார், செய்யமாட்டார், நீ செய். எனக்குத் துரோகம் செய்கிற மாதிரி உனக்குத் தோன்றினால், நான் கேட்டுத்தான் செய்கிறாய் என்று நினைத்துக்கொள்.

மற்றபடி, குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு போ. வேலைக்குப் புதியவள் என்பதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டாதே, முடியாததை முடியாது என்று சொல்லப் பழகிக்கொள், நான் இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன், ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வருஷக் கடைசி லீவை முன்னால் இழுக்க வேண்டாம். அத்தை கேட்டாலும் வேண்டாம், நான் கேட்டாலும் வேண்டாம். யாரையும் சமாதானம் செய்யவோ, எதையும் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போகவோ நீ வர வேண்டியதில்லை. உனக்கு லீவு இருக்கிறது, வீட்டுக்கு வரத் தோன்றுகிறது என்பதைத் தவிர வேறு ஒரு காரணமும் இல்லாமல் வா.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், உன் தூக்கம் உன்னோடு இருக்கட்டும். அப்பா தன் ஆசியைத் தனியாக எழுத வேண்டும் என்று பேனாவைக் கேட்டார், பிறகு போனிலேயே சொல்லிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். ஒன்றை மட்டும் மறக்காதே, அத்தை பேசி முடித்துத் தானாக வைக்கும்வரை நீ போனை வைக்காதே.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா